தளர்நடைப் பாதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தவழும் பிள்ளைகளைப் பற்றி எழுதியதன் பின்னர் வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை கால்களைப் பற்றியவையாகவே இருந்தன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இயன் மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில் தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையும் இவையே என்பதால், இம்முறை பத்தி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. கிணற்றடியில் குளிப்பாட்டி விட்டவுடன் சீமெந்து நிலத்தில் ஓடுவான். அப்போது பதியும் ஈரச் சுவட்டில் நடுவில் வளைவே இல்லை, பாதம் முழுவதும் அப்படியே பதிகிறது. இது தட்டைப் பாதம் என்றும், உள்ளே மேடு வைத்த சப்பாத்தை இப்போதே போடாவிட்டால் பெரியவனானதும் பொலிஸிலோ இராணுவத்திலோ சேர முடியாது என்றும் கொழும்பிலுள்ள மச்சாள் சொல்கிறார். அந்தச் சப்பாத்தின் விலை என் கணவரின் ஒரு கிழமை உழைப்பு. வாங்கத்தான் வேண்டுமா? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. ஏன் வேண்டாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே அச்சத்தோடு வந்த கடிதங்கள் இம்மாதம் மட்டும் ஐந்து.

வளர்ந்த ஒருவரின் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பாதத்தின் பின்பாதியில் கணுக்காலை ஒட்டி அமைந்துள்ள 7 எலும்புகளே உள்ளங்கால் வளைவுக்கு அடித்தளம். பிள்ளை பிறக்கும்போது இந்த ஏழில் குதி எலும்பும் அதன் மேலுள்ள எலும்பும் மட்டுமே உறுதியாக எலும்பாகத் தொடங்கியிருக்கும். மூன்றாவது ஒன்று பிறப்பை ஒட்டிய காலத்தில் தொடங்கும். எஞ்சியவை குருத்தெலும்பாகவே இருந்து, ஒவ்வொன்றாகச் சில ஆண்டுகளில் எலும்பாகின்றன. வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்புதான் இவை எல்லாவற்றிலும் கடைசி, அது எலும்பாகத் தொடங்குவதே பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டித்தான். வேறொரு காரணத்துக்காக எடுத்த ஒன்றரை வயதுப் பிள்ளையின் பாத எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த தந்தை ஒருவர், "மிஸ், நடுவில எலும்பக் காணல்லயே!" என்று பதறிப்போனார். அங்கே எதுவும் காணாமற் போகவில்லை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது என்பதால், வெள்ளைத் துண்டுகள் சில தனித்தனியே மிதப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

இதற்கு மேலாக, சிறு பிள்ளைகளின் உள்ளங்காலின் நடுவில் மெத்தை போன்ற கொழுப்புப் படை ஒன்று இருக்கிறது. உள்ளே வளைவு உருவாகத் தொடங்கியிருந்தாலும் அந்தக் கொழுப்பு அதை மூடி மறைத்துவிடும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் இந்த வயதில் மிகவும் நெகிழ்வானவை, ஆகையால் பிள்ளை எழுந்து நின்று உடற்பாரம் இறங்கியவுடன் பாதம் பரவிப் படிந்துவிடுகிறது. உங்கள் மகனின் ஈரச் சுவட்டில் நீங்கள் கண்டது இந்த இரண்டையும்தான்.

ஆஸ்திரியா நாட்டில் 3 முதல் 6 வயது வரையான 835 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதுப் பிள்ளைகளில் 54 சதவீதமானோருக்கும் 6 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதமானோருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. அதாவது மூன்று வயதில் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இருப்பது, ஆறு வயதில் நாலில் ஒருவருக்கே எஞ்சுகிறது. உங்கள் மகனோ மூன்று வயதைக்கூட இன்னும் எட்டவில்லை. வளைவு பத்து வயது வரையிலும் மெல்ல மெல்ல உருவாகக் கூடியது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மகனுக்குப் பிடித்த விசுக்கோத்துப் பேணியை அவன் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, மேசை விளிம்பில் வையுங்கள். அவன் பெருவிரல்களை ஊன்றிக் குதியை உயர்த்தி எட்டும் அந்தக் கணத்தில், நிலத்தில் அமர்ந்து அவனுடைய பாதத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாகக் கிடந்த இடத்தில் வளைவு ஒன்று எழுந்து நிற்கும், பின்னிருந்து பார்த்தால் வெளிப்பக்கம் சரிந்திருந்த குதியும் நேராகியிருக்கும். அப்படி எழுந்தால் அது நெகிழ்வான பாதம், அதற்கு வைத்தியமே தேவையில்லை. கிளினிக்கில் நாங்களும் இதைத்தான் முதலில் செய்கிறோம், விசுக்கோத்துக்குப் பதிலாகப் பலூன் வைத்திருப்போம்.

சப்பாத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1 முதல் 6 வயது வரையான 129 பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தச் சப்பாத்தும் உள்மேடுகளும், சிலருக்கு எதுவும் இல்லாமலும் மூன்று ஆண்டுகள் பார்த்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. எல்லாப் பிள்ளைகளின் பாதங்களும் முன்னேறின. விசேட சப்பாத்து அணிந்தவர்களுக்கு அதனால் மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை. அடுத்ததாக இந்திய வைத்தியர் இருவர், 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளைப் பதித்து ஆராய்ந்து 1992இல் எழுதியது நமது சூழலுக்கு இன்னும் நெருக்கமானது. சப்பாத்தோ செருப்போ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதமானோருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமானோருக்கே இருந்தது. விரல்களை மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடமே அது அதிகம். வெறுங்காலால் நடக்கும்போது விரல்கள் நிலத்தைப் பற்றிப் பிடிப்பதும், உள்ளங்காலின் சிறு தசைகள் இடைவிடாது வேலை செய்வதும் இதற்குக் காரணமாகலாம். ஆகவே மச்சாள் பரிந்துரைக்கும் மருந்தைவிட உங்கள் கிணற்றடி நிலம் மேலானது.

பொலிஸ் வேலையைப் பொறுத்தவரை, பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் வரப்போகும் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வயதில் சப்பாத்து வாங்கும் அவசியம் எனக்குப் புரியவில்லை. வளர்ந்த பின்னரும் தட்டைப் பாதத்துடன் நோவு எதுவுமின்றி வாழ்பவர்கள் ஏராளம். உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய்வந்த அடியார்களின் கொப்புளங்களுக்கு மருந்து கட்டியபோது, அவர்களிடையேயும் வளைவில்லாத பாதங்களைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் பெருவிரலில் எழும்பினாலும் வளைவு தோன்றாமல் பாதம் விறைப்பாகவே இருந்தாலோ, ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தாலோ, பிள்ளை நோவென்று சொல்லி ஓட்டத்தைத் தவிர்த்தாலோ, கிளினிக்குக்குக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எனது மகளுக்குப் பதினொரு மாதம். வாப்பா கத்தாரிலிருந்து வரும்போது சக்கரம் பூட்டிய வோக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் சமைக்கும் நேரத்தில் அதிலேயே விட்டுவிடுவேன். விரல் நுனிகளால் உதைத்து வீடெல்லாம் ஓடுகிறாள். ஆனால் கீழே இறக்கினால் நிற்கவே மாட்டேன் என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் வோக்கரில் பழகினால் நடந்துவிடுவாளா? (ஒரு தாய், காத்தான்குடி)

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது, சகோதரி. வோக்கரில் அவள் நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு உதைக்கிறாள். நடப்பதற்கு வேண்டிய முதன்மையான திறன் சமநிலை. உடல் ஒரு பக்கம் சரியும்போது அந்தச் சரிவை உணர்ந்து கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் ஒருசேரத் திருத்திக்கொள்ள அவள் பழக வேண்டும். வோக்கரின் இருக்கை அவளைத் தாங்கி நிற்பதால் சரிவும் இல்லை, திருத்தமும் இல்லை. முன்னாலுள்ள தட்டு அவளுடைய கால்களையே அவளுக்கு மறைத்துவிடுகிறது. விரல் நுனியால் உதைக்கும் பழக்கத்தையும் நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

12 முதல் 19 மாதம் வரையான பிள்ளைகள் விளையாடுவதை நியூயோர்க்கில் பதிவுசெய்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பிள்ளை மணித்தியாலத்துக்குச் சராசரியாக 2368 அடிகள் எடுத்துவைத்து 17 தடவைகள் விழுந்தது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பதினேழு விழுகைகளும் பாடங்கள். இந்த வயதுப் பிள்ளை உயரம் குறைந்தது, பெரும்பாலும் பின்பக்கமாகக் குந்தி விழும், உடனே எழும்பும். அதை வோக்கர் பறித்துக்கொண்டு, பதிலுக்கு அடுப்படியை நோக்கி நொடிப்பொழுதில் பாயும் வேகத்தைக் கொடுக்கிறது. படிகளில் உருண்டு தலையில் அடிபடுதல், மேசை விரிப்பை இழுத்துச் சுடுநீரைக் கொட்டிக்கொள்ளுதல் போன்ற விபத்துகளின் காரணமாகக் கனடா 2004இல் இவ்வகை வோக்கர்களின் விற்பனையையும் இறக்குமதியையும் முற்றாகத் தடைசெய்தது. பழையதை விற்பதற்குக்கூட அங்கே அனுமதியில்லை.

நமது பழைய மர நடைவண்டில் வேறு சாதி. பிள்ளை தன் காலில் தானே நின்று அதைத் தள்ள வேண்டும், நிறுத்தினால் தானே நிற்க வேண்டும். தானாக எழுந்து நிற்கப் பழகிய பின்னர், மணல் முற்றத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க அதைக் கொடுக்கலாம். சமையல் நேரத்துக்கு, குசினி வாசலுக்கு அப்பால் பன்பாய் விரித்து, கனமான கதிரைகள் இரண்டை அருகருகே போட்டுவிடுங்கள். பிடித்து எழும்புவாள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பக்கவாட்டில் அடி வைப்பாள். நடை அந்தப் பக்கவாட்டு அடியிலிருந்துதான் தொடங்குகிறது. வாப்பா மனம் நோகாமல் வோக்கரை அலுமாரிக்கு மேல் ஏற்றும் பொறுப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: மகள், எனக்கு எழுத்து அவ்வளவு வராது, பேத்தி எழுதித் தருகிறாள். பேரனுக்குப் பதினாலு மாதம் முடிஞ்சும் நடக்கவில்லை. எங்கட காலத்தில் முற்றத்தில் முழங்காலளவு கிடங்கு கிண்டி, பிள்ளையை அதில் நிற்கவைத்துச் சுற்றிவர மணல் போடுவோம். கால் உரம் பிடிக்கும். மருமகன் வேண்டாம் என்று சண்டை பிடிக்கிறார். யார் சொல்வது சரி? (ஓர் அம்மம்மா, கொக்கட்டிச்சோலை)

பதில்: அம்மா, பதினான்கு மாதத்தில் நடக்காதது பிந்திய நடை அல்ல. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, தனித்து நடக்கும் வயது ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்திருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததும் உங்கள் பேரன் பதினாறு மாதத்தில் நடக்கப்போவதும் ஒரே எல்லைக்குள்தான் அடங்கும். குறைமாதத்தில் பிறந்திருந்தால், குறைந்த மாதங்களையும் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

கிடங்கைப் பற்றிச் சொல்வதானால், நான் மருமகன் பக்கமே சாய்கிறேன். வோக்கர் மேலிருந்து தாங்குவதை மணல் கீழிருந்து தாங்குகிறது, இரண்டிலும் பிள்ளை சமநிலை பழகுவதில்லை. பொறிவைத்துப் பிடித்தாற்போல நிற்கும் பிள்ளை அழுதால் அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் மணலைப் பற்றிய உங்கள் எண்ணத்தை நான் தள்ளவில்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் அதே முற்றத்து மணலில் அவனை வெறுங்காலுடன் விடுங்கள். கால் புதையப் புதைய எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும், சீமெந்தில் வைக்கும் அடியைவிடத் தசைகளுக்கு வேலை கூடுதல். அவனுக்கு முன்னே இரண்டடி தூரத்தில் நீங்கள் குந்தியிருந்து கையை நீட்டுங்கள். இரு கைகளையும் தலைக்குமேல் பிடித்து இழுத்து நடத்துவதை மட்டும் தவிர்த்து, இடுப்பையோ ஒரு கையையோ தளர்வாகப் பிடியுங்கள்.

இப்போது அவன் பிடித்து எழும்புகிறானா, கதிரையைப் பிடித்து அடி வைக்கிறானா என்று பாருங்கள். இரண்டும் செய்கிறான் என்றால் காத்திருக்கலாம். பதினெட்டு மாதம் ஆகியும் தனித்து நடக்காவிட்டால், அல்லது ஒரு வயதிலும் பிடிப்பின்றி இருக்க முடியாமல் தளர்ந்து விழுந்தால், அல்லது ஒரு கையையோ காலையோ மட்டும் குறைவாகப் பயன்படுத்தினால், கிளினிக் கொப்பியுடன் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். உடுப்பு மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மல்லாத்திக் கிடத்தி இரு முழங்கால்களையும் மடித்து நிறுத்தும்போது ஒரு முழங்கால் மற்றையதைவிடத் தாழ்ந்திருந்தாலோ, ஒரு தொடை மற்றையதைப் போல விரியாவிட்டாலோ, இடுப்பு மூட்டு விலகியிருக்கக் கூடும். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: மகள் நடக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மூத்தவனுடைய சப்பாத்து புதிதுபோல இருக்கிறது, அதைப் போடலாமா? வெறுங்கால்தான் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் பூச்சி பிடிக்கும் என்று உம்மா பயப்படுகிறார். (ஒரு தந்தை, அக்கரைப்பற்று)

பதில்: வீட்டுக்குள்ளும் துப்புரவான முற்றத்திலும் வெறுங்காலே போதும். உம்மாவின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கொக்கிப்புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள், மனித மலம் கலந்த ஈரமண்ணில் இருந்து விரலிடுக்குத் தோல் வழியாகவே உடலுக்குள் செல்பவை, பின்னர் குடலில் தங்கி இரத்தச்சோகையை உண்டாக்குபவை. நாய், பூனைகள் அசுத்தம் செய்யும் மணலில் வேறு வகைப் புழுக்கள் உள்ளன. அவை தோலுக்கடியிலேயே ஊர்ந்து, சிவந்த கோடொன்றை வளைத்து வளைத்துக் கீறியது போலத் தடம் வைத்து, பிள்ளையை இரவெல்லாம் சொறிய வைக்கும். இவற்றோடு நெருஞ்சி முள், உடைந்த போத்தல் துண்டு, உச்சிவெயிலில் கொதிக்கும் கடற்கரை மணல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே வீதிக்கும் சந்தைக்கும் பொது இடங்களுக்கும் காலணி தேவை. பூச்சி மருந்தை கிளினிக்கில் சொல்லும் காலத்தில் தவறாமல் கொடுங்கள்.

காலணியின் வேலை பாதத்தைக் காப்பது மட்டுமே. நடை பழக்குவதோ வளைவை உருவாக்குவதோ அதன் வேலை இல்லை. கையில் எடுத்து முன்பகுதியை மடித்துப் பாருங்கள். விரல்கள் மடியும் அதே இடத்தில் அது இலகுவாக மடிய வேண்டும். அடி தட்டையாகவும் வழுக்காததாகவும், முன்பக்கம் விரல்கள் விரியும் அளவுக்கு அகலமாகவும், பின்னால் வார் அல்லது ஒட்டுப்பட்டி உள்ளதாகவும் இருக்கட்டும். பெருவிரல் இடுக்கில் மாட்டும் றப்பர் செருப்பை, அது கழன்றுவிடாதபடி இந்த வயதுப் பிள்ளை விரல்களை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருப்பதால், இன்னும் இரண்டு வருடம் தள்ளிவையுங்கள்.

அண்ணனின் சப்பாத்து வேண்டாம். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே கையை விட்டுத் தடவினால் அவனுடைய குதியும் பெருவிரலும் குழி பறித்திருப்பது தெரியும். இன்னொருவரின் குழிக்குள் தன் பாதத்தைப் பொருத்த அவள் நடையை மாற்றிக்கொள்வாள்.

அளவெடுக்கும்போது மாலையில் எடுங்கள், பிள்ளையை நிற்கவைத்து எடுங்கள். பகல் முழுதும் நடந்த பாதம் சற்றுப் பருத்திருக்கும், உடற்பாரம் இறங்கினால் நீளமும் கூடும். கடதாசி ஒன்றில் இரு பாதங்களையும் சுற்றிக் கோடு கீறி வெட்டிக் கடைக்கு எடுத்துச் சென்றால், உறங்கும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தொல்லையும் இல்லை. மிக நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் சிறுவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பெண் பிள்ளையின் பாதம் ஒரு வயதளவிலும், ஆண் பிள்ளையின் பாதம் ஒன்றரை வயதளவிலும் வளர்ந்த பின்னர் இருக்கப்போகும் நீளத்தில் பாதியை எட்டிவிடுகிறது. அவ்வளவு விரைவாக வளரும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பது அவசியம். பெருநாளுக்கு வாங்கிய விலைகூடிய சப்பாத்தை அடுத்த பெருநாளுக்கும் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை வயது இளையவனின் கால்கள் வில் போல வெளிவளைந்திருக்கின்றன. நான்கு வயது மூத்தவளுக்கோ முழங்கால்கள் இரண்டும் முட்டுகின்றன. எப்போதும் இடுப்பில் தூக்கி வைத்திருந்ததால்தான் இப்படி ஆனது என்று எல்லோரும் என்னைக் குறை சொல்கிறார்கள். (ஒரு தாய், திருக்கோவில்)

பதில்: குறை சொல்பவர்கள் அறியாத ஒன்று இது: இளையவன் இன்று நிற்கும் இடத்தில் மூத்தவள் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் நின்றிருப்பாள். கருப்பையில் மடங்கிக் கிடந்த கால்கள் பிறக்கும்போது வெளிவளைந்தே இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதளவில் நேராகி, அத்துடன் நில்லாமல் மறுபக்கம் சாய்ந்து, மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் அதிகமாக முட்டும். பின்னர் மெல்லத் திரும்பி ஏழு வயதளவில் பெரியவர்களின் வடிவத்துக்கு வந்துவிடும். பின்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கால்களை அளந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் போக்கைத் தெளிவாகக் காட்டியது. எண்ணெய் போட்டு நீவுவது பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் அதனால் எலும்பு நேராவதில்லை, நேராக்க எண்ணி அழுத்தவும் வேண்டாம்.

இடுப்பில் தூக்குவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். தாயின் இடுப்பை அணைத்துக் கால்களை விரித்து இருப்பது, பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கு மிகப் பொருத்தமான நிலை. கால்களை நேராக்கித் துணியால் இறுக்கிச் சுற்றுவதுதான் அந்த மூட்டுக்கு ஆகாதது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முழங்காற்சில்லுகள் நேரே முன்னோக்கும்படி பிள்ளைகளை நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த படங்களில் மாற்றம் தெரியும். இரண்டு வயதுக்குப் பின்னரும் வில்வளைவு கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மணிக்கட்டு எலும்பு தடித்து, பிள்ளை உயரத்திலும் பின்தங்கினாலோ, விற்றமின் டி குறைவால் வரும் என்பு மென்மை நோயாக இருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனையாலும் எக்ஸ்ரேயாலும் அறியலாம்.

கேள்வி: தண்டை போட்டால் பிள்ளை விரைவில் நடக்கும் என்பது உண்மையா? (வாழைச்சேனை)

பதில்: ஓசை கேட்டு மகிழும், அதற்காக இன்னும் ஓரடி வைக்கவும் கூடும். அதற்கு மேல் எதுவுமில்லை. சிறுவிரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். மணிகள் கழன்றால் நேரே வாய்க்குள்தான் போகும் என்பதால், நாள்தோறும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. நடக்கத் தொடங்கியது முதல் விரல்களில்தான் நடக்கிறான். பழக்கதோஷம், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டோம். இப்போது முன்பள்ளி ஆசிரியை காட்டச் சொல்கிறார். (பெற்றோர், சம்மாந்துறை)

பதில்: ஆசிரியை சொல்வதைக் கேளுங்கள். நடை பழகும் காலத்தில் இடைக்கிடை விரலில் நடப்பது இயல்பு. அந்த வயதில் பிள்ளைகள் கால்களை அகட்டி, கைகளைத் தோள்மட்டத்துக்கு உயர்த்தி, பாதம் முழுவதையும் ஒன்றாக நிலத்தில் வைத்தே நடப்பார்கள். ஒன்றரை, இரண்டு வயதளவில் கைகள் இறங்கி வீசத் தொடங்கும், குதி முதலில் நிலத்தைத் தொடும். உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் கடந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரும்பாலான பிள்ளைகளில் இதற்குப் பின்னால் நோய் எதுவும் இருப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் அதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டிய வயது இது. நாட்கள் செல்லச் செல்லக் கெண்டைத் தசைநார் குறுகி, அவன் விரும்பினாலும் குதியை நிலத்தில் வைக்க முடியாமற் போகலாம்.

வைத்தியரிடம் போகுமுன் மூன்றை அவதானித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னால் குதியை நிலத்தில் வைத்து நிற்கிறானா, இரு கால்களிலும் ஒரேயளவா, நிலத்திலிருந்து எழும்பும்போது தன் தொடைகளிலேயே கைகளை ஊன்றி ஏறுகிறானா? மூன்றாவதற்கு ஆம் என்பது பதிலாகவும், கெண்டைக்கால்கள் வழமைக்கு மீறிப் பருத்தும் இருந்தால், இந்தக் கிழமையே காட்டுங்கள். தசைகள் நலியும் நோய் ஒன்று ஆண் பிள்ளைகளில் இப்படித்தான் தலைகாட்டும்.

கேள்வி: தங்கைக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். இரண்டு பாதங்களும் உள்நோக்கி முறுகி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. முப்பத்தொன்று கழியும் வரை பிள்ளையை வெளியில் எடுக்கக் கூடாது என்று வீட்டில் நிற்கிறார்கள். பிறந்தபோது வைத்தியசாலையில் கிளினிக்குக்கு வரச்சொல்லித் துண்டு தந்தார்கள். என்ன செய்வது? (ஓர் அக்கா, அம்பாறை மாவட்டம்)

பதில்: இந்தப் பத்தியில் இதுவரை பலருக்கும் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன், உங்களுக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். இதை கிளினிக்குகளில் கிளப்ஃபுட் என்று எழுதுவார்கள். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவது. தங்கை எதையும் சாப்பிட்டதாலோ கிரகணம் பார்த்ததாலோ வந்ததல்ல. தானாக நிமிராது, நீவியும் நிமிராது.

அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய வைத்தியர் இக்னாசியோ பொன்சேற்றி வகுத்த முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. கிழமைக்கொருமுறை பாதத்தை மெல்ல நெகிழ்த்தி, கிடைத்த அளவு நிமிர்வைக் கெடவிடாமல் தொடை வரை பிளாஸ்டர் கட்டு போடுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். குதிநாண் இறுகியிருந்தால் சிறு வெட்டொன்றால் அதைத் தளர்த்தி இறுதிக் கட்டைப் போடுவார்கள். பிறந்து முதற் சில கிழமைகளில் நார்கள் மிக நெகிழ்வாக இருப்பதால், அப்போதே தொடங்குவது எல்லோருக்கும் இலகு. முப்பத்தொன்றுக்காக நீங்கள் இழக்கப்போகும் பத்தொன்பது நாட்களில் இரண்டு கட்டுகள் முடிந்திருக்கும். துடக்கைப் பற்றிப் பேசும் பெரியவர்களிடம், பிள்ளை போவது வைத்தியசாலைக்குத்தான், விசேட வீட்டுக்கல்ல என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சிகிச்சையில் தோல்வி வருவது கட்டுகளின் போதல்ல, அதற்குப் பின்னர்தான். இரண்டு சப்பாத்துகளை ஒரு சட்டத்தால் இணைத்த கருவியொன்றைத் தருவார்கள். முதல் மூன்று மாதம் நாளில் இருபத்துமூன்று மணித்தியாலமும், பின்னர் நான்கு வயதளவு வரை உறங்கும் நேரங்களிலும் அதை அணிய வேண்டும். பாதம் நேராகிவிட்டதே, பிள்ளை அழுகிறதே என்று அதைக் கழற்றி வைக்கும் வீடுகளில் பாதம் மீண்டும் உள்ளே திரும்பிவிடுகிறது. ஒழுங்காக அணிந்த பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளின் வயதிலேயே, அல்லது ஓரிரு மாதங்கள் பிந்தி, நடக்கிறார்கள்.

நாளைக் காலையிலேயே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். புறப்படுமுன் வயிறு நிறையப் பாலூட்டிவிடாமல், சற்றுப் பசியுடன் பிள்ளையைக் கொண்டுசெல்லத் தங்கையிடம் சொல்லுங்கள். கட்டு போடும் நேரத்தில் பால் கொடுத்தால், கால்களைத் தளர்த்திக் குடித்துக்கொண்டே கிடக்கும்.